புரதத்தில் ஆக்சிஜன் கைவைத்தால்: மூலக்கூறு முதல் நோய் வரை முழுமையான வழிகாட்டி

புரத ஆக்சிஜனேற்றத்தைப் படிக்க உட்காருபவர் முதலில் ஓரங்கட்ட வேண்டியது ‘துரு’ உவமையை. இரும்பு துருப்பிடிப்பதுபோல உடம்பும் துருப்பிடிக்கிறது, அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது என்று விளம்பரத்திலிருந்து வாட்ஸ்அப் வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். துருவுக்கு இடம் பொருள் தெரியாது. ஈரம் கிடைத்த பக்கமெல்லாம் பிடிக்கும். புரதத்தில் கதை வேறு. 394 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒரேயொரு இடத்தில் மாறினால் நுரையீரலுக்கே பாதுகாப்பு போய்விடும். அதே புரதத்தில் வேறு இடத்தில் இருக்கும் மெத்தியோனின் மாறினால் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புரதம்? அதில் எந்த அமினோ அமிலம்? பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா? பிளஸ் டூ வேதியியல் நினைவிருந்தால் போதும், மற்றதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: ஆக்சிஜனேற்றம் இல்லாமல் உடம்பு ஓடாது

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள். சங்கிலிகளைப் பிணைத்து வடிவம் கொடுப்பவை மூன்று டைசல்ஃபைடு பாலங்கள். ஒவ்வொரு பாலமும் இரண்டு சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்) தத்தம் ஹைட்ரஜனை இழந்து கந்தகத்தோடு கந்தகம் சேர்ந்த இடம். அதற்குப் பெயரே ஆக்சிஜனேற்றம்தான். கணையச் செல்லில் புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலைக்குள் இதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. ஆன்டிபாடிகளும் தலைமுடிக் கெரட்டினும் இதே பாலங்களால்தான் நிற்கின்றன.

இன்னொரு வேலையும் உண்டு: செய்தி அனுப்புவது. இன்சுலின் செல்லின் ஏற்பியைத் தொட்டதும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. அது பிடிபி1பி என்ற நொதியின் 215-ஆம் இடத்துச் சிஸ்டீனைத் தாக்குகிறது. இந்த நொதி இன்சுலின் சமிக்ஞைக்கு பிரேக். சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் பிரேக் தளர்கிறது, சமிக்ஞை வலுக்கிறது, பிறகு சிஸ்டீன் மீண்டுவிடுகிறது. 2003-இல் வெளியான படிக அமைப்பு ஆய்வுகளில், தாக்கப்பட்ட கந்தகம் பக்கத்தில் இருக்கும் நைட்ரஜனோடு தற்காலிகமாகப் பிணைந்துகொள்வது தெரிந்தது. மேற்கொண்டு ஆக்சிஜன் ஏறிச் சீர்செய்ய முடியாத நிலைக்குப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. விபத்தாக நடக்கிற விஷயத்துக்கு இவ்வளவு நேர்த்தியான பாதுகாப்பு இருக்காது.

ஆக்சிஜனேற்றிகளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நோய் சாட்சி. நாள்பட்ட கிரானுலோமா நோய் உள்ள குழந்தைகளின் நியூட்ரோஃபில்களால் (கிருமிகளைக் கொல்லும் வெள்ளணுக்கள்) சூப்பர் ஆக்சைடு என்ற ஆக்சிஜனேற்றியைத் தயாரிக்க முடியாது. மற்றவர்களை அவ்வளவாகத் தொடாத ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகூட இவர்கள் உயிருக்கு உலை வைக்கும்.

படி 2: தாக்குவது எது, எங்கிருந்து வருகிறது

பெயர்கள் நிறைய, ஆனால் பழக வேண்டியவை ஐந்துதான். மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிப் போகும் வழியில் கொஞ்சம் கசிந்து ஆக்சிஜனோடு சேர்ந்தால் சூப்பர் ஆக்சைடு. அதை சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் இந்த நொதியின் வேலையைக் கண்டறிந்த பிறகுதான் இந்தத் துறையே சூடுபிடித்தது. பெராக்சைடு நிதானமானது, செல்லுக்குள் கொஞ்ச தூரம் பயணம் செய்யும், ஆள் பார்த்துத் தொடும்.

அதே பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. இந்த வினைக்கு ஃபென்டன் வினை என்று பெயர். 1894-இல் ஹென்றி ஃபென்டன் இதை விவரித்தபோது கையில் வைத்திருந்தது டார்டாரிக் அமிலம், அதாவது நம் புளியில் புளிப்பு தருகிற அதே அமிலம். ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆயுள் நானோ விநாடிக் கணக்கு. பிறந்த இடத்திலிருந்து சில நானோ மீட்டர் போவதற்குள் எதையாவது பிடித்துவிடும். இதனால் வருகிற விளைவை மறந்துவிடாதீர்கள்: இரும்போ செம்போ புரதத்தில் எங்கே ஒட்டியிருக்கிறதோ, அடி அங்கேதான் விழும்.

நான்காவது ஹைப்போகுளோரஸ் அமிலம். நீச்சல் குளத்தில் குளோரின் போட்டால் தண்ணீரில் உருவாவதும் இதுதான். நியூட்ரோஃபில்கள் மயிலோபெராக்சிடேஸ் நொதியால் பெராக்சைடையும் உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து இதைத் தயாரிக்கின்றன. ஐந்தாவது பெராக்சிநைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடும் சூப்பர் ஆக்சைடும் மோதினால் வருவது. இவை தவிர வெளியிலிருந்து சிகரெட் புகை, கதிர்வீச்சு, சில மருந்துகள்.

படி 3: எந்த அமினோ அமிலம் என்று பாருங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய படி இது. இருபது அமினோ அமிலங்களும் கோட்பாட்டளவில் தாக்கப்படலாம். ஆனால் எளிதில் அகப்படுபவை கந்தகம் உள்ள இரண்டு: சிஸ்டீன், மெத்தியோனின்.

சிஸ்டீனின் கந்தகத்தில் ஒரு ஆக்சிஜன் ஏறினால் சல்ஃபீனிக் அமிலம். இது நிலைக்காது; பக்கத்துச் சிஸ்டீனோடோ, செல்லின் பாதுகாப்புக்கு இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறோடோ சேர்ந்து டைசல்ஃபைடாகிவிடும். அங்கிருந்து தயோரெடாக்சின், குளுட்டாரெடாக்சின் என்ற சிறு புரதங்கள் அதை மீட்டுவிடும். இரண்டு ஆக்சிஜன் ஏறினால் சல்ஃபினிக் அமிலம். இது மீளவே மீளாது என்றுதான் பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தன. 2003-இல் ஈஸ்டில் சல்ஃபிரெடாக்சின் என்ற நொதி கண்டுபிடிக்கப்பட்டு, பெராக்சிரெடாக்சின் புரதங்களில் இருக்கும் சல்ஃபினிக் அமிலத்தை அது மீட்பது தெரிந்தது. மூன்று ஆக்சிஜன் ஏறிவிட்டால் சல்ஃபோனிக் அமிலம்; அதற்கு மேல் திரும்புகால் கிடையாது.

மெத்தியோனின் ஒரு ஆக்சிஜனை ஏற்று மெத்தியோனின் சல்ஃபாக்சைடாகிறது. இது நடுவில் கைப்பிடித்து மீட்கக்கூடிய நிலை. சல்ஃபாக்சைடில் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றை எம்எஸ்ஆர்ஏ நொதியும் மற்றதை எம்எஸ்ஆர்பி நொதியும் சரிசெய்கின்றன. செல் இரண்டு நொதிகளைத் தனித்தனியாகப் பராமரிக்கிறது என்பதே இந்த வகைச் சேதம் எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதைக் காட்டும்.

லைசின், ஆர்ஜினின், புரோலின் விஷயம் வேறு. இவற்றின் பக்கச் சங்கிலி உலோக அயனியின் அருகில் தாக்கப்பட்டால் கார்பனைல் தொகுதியாக மாறும். மீட்க நொதி இல்லை. அந்தப் புரதத்தை உடைத்து அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. டைரோசினில் குளோரின் ஏறினால் குளோரோடைரோசின், நைட்ரோ தொகுதி ஏறினால் நைட்ரோடைரோசின், இரண்டு டைரோசின்கள் ஒட்டிக்கொண்டால் டைடைரோசின். தாக்கியவர் யார் என்பதை இவை காட்டிக்கொடுக்கும்: குளோரோடைரோசின் இருந்தால் மயிலோபெராக்சிடேஸ் வந்துபோயிருக்கிறது என்று பொருள். டிரிப்டோஃபான் உடைந்தால் கைநுரெனின் வகைகள், ஹிஸ்டிடின் மாறினால் ஆக்சோஹிஸ்டிடின்.

ஒரு இடைச்செருகல். கொழுப்பு கெட்டு உருவாகும் ஆல்டிஹைடுகள் புரதத்தில் வந்து ஒட்டினாலும் கார்பனைல் கணக்கில்தான் சேரும். ஆனால் சர்க்கரை வந்து ஒட்டுவது வேறு வினை. நீரிழிவுக்குப் பார்க்கும் ஹெச்பிஏ1சி சோதனை சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினை அளப்பது. அதை ஆக்சிஜனேற்றத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் குழப்பி எழுதுவோர் அதிகம்.

படி 4: வடிவம் மாறி, வேலை நின்று, வெளியேற்றம் வரை

இதை முதலில் தெளிவாகத் தொடர்ந்து பார்த்தவர்கள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஏர்ல் ஸ்டாட்மனும் ராட்னி லெவினும். ஈ.கோலை பாக்டீரியாவின் குளுட்டமின் சிந்தட்டேஸ் நொதி எப்படி அழிகிறது என்று பார்க்கப் போனார்கள். நேராக உடைபடவில்லை. முதலில் அது ஆக்சிஜனேற்றத்தால் செயலிழந்தது. உலோகம் உட்காரும் இடத்தருகே ஒரு ஹிஸ்டிடின் பறிபோனதே போதுமாக இருந்தது. அதன் பிறகுதான் புரதத்தை உடைக்கும் நொதிகள் அதைத் தொட்டன. 1981-இல் வெளிவந்த இந்த முடிவு, ஆக்சிஜனேற்றம் புரதத்தின் மேல் விழும் அழிவு முத்திரையாகவும் இருக்கலாம் என்று காட்டியது.

மனித செல்லில் இந்த அப்புறப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு 20எஸ் புரோட்டியோசோம் என்ற குழாய் வடிவ நொதிக் கூட்டத்துக்கு. மிதமாக ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதம் தன் மடிப்பைக் கொஞ்சம் இழக்கும். உள்ளே ஒளிந்திருந்த நீர்வெறுப்புப் பகுதிகள் வெளியே தலைகாட்டும். புரோட்டியோசோம் அதைப் பிடித்து இழுத்துத் துண்டாக்கிவிடும். சிக்கல் எப்போது என்றால், சேதம் மிஞ்சும்போது. அளவுக்கு மீறிக் குறுக்கே பிணைந்து கட்டியாகிவிட்ட புரதம் அந்தக் குழாய்க்குள் நுழையாது. நுழையாதது மட்டுமல்ல, வாயிலையும் அடைத்துக்கொள்ளும். வயதான இதயத் தசையிலும் நரம்பு செல்லிலும் காணப்படும் லிப்போஃபுசின் என்ற பழுப்பு நிறக் குவியல் இப்படித் தீர்க்க முடியாமல் தேங்கியது.

இங்கே நான்காவது கேள்வி ஒன்று தானாக முளைக்கிறது: இந்தப் புரதத்துக்கு வயது என்ன? சில மணி நேரமே வாழும் புரதத்தில் சேதம் தங்காது. ஆயுள் முழுக்க மாற்றப்படாத புரதம்தான் கணக்கையெல்லாம் சுமக்கும். கண் லென்ஸுக்கு வரும்போது இது தேவைப்படும்.

படி 5: நுரையீரலில் ஒரு மெத்தியோனின்

1963, சுவீடனின் மால்மோ நகரம். லாரெல், எரிக்சன் என்ற இரு மருத்துவர்கள் ரத்தப் புரதங்களைப் பிரிக்கும் காகிதப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்து பேருடைய பட்டையில் ஆல்ஃபா-1 கோடு இல்லாததைக் கவனித்தார்கள். அவர்களில் மூவருக்கு நுரையீரல் காற்றறைகள் சிதைந்த எம்ஃபைசீமா. விடுபட்டிருந்தது ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். கல்லீரலில் உருவாகி ரத்தம் வழியே நுரையீரலுக்குப் போய், நியூட்ரோஃபில்கள் கக்கும் எலாஸ்டேஸ் நொதியைக் கட்டிப்போடும் புரதம். எலாஸ்டேஸ் கட்டவிழ்ந்தால் காற்றறைச் சுவரின் மீள்திசுவையே தின்னும்.

இந்தப் புரதத்தின் 358-ஆம் இடத்தில் ஒரு மெத்தியோனின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எலாஸ்டேஸ் கடிக்க வருவது அதைத்தான், கடித்ததும் மாட்டிக்கொள்ளும். அந்த மெத்தியோனின் சல்ஃபாக்சைடாகிவிட்டால் எலாஸ்டேஸுக்கு அது பிடிக்காது. இரண்டும் சேரும் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் சரிந்துவிடும். சிகரெட் புகையும் இதைச் செய்யும், நியூட்ரோஃபில்களின் ஹைப்போகுளோரஸ் அமிலமும் செய்யும். புகை நியூட்ரோஃபில்களை நுரையீரலுக்கு வரவழைக்கவும் செய்கிறது. ஒரே ஆள் பூட்டையும் உடைக்கிறான், திருடனையும் கூட்டி வருகிறான்.

அந்த ஒற்றை இடத்தின் முக்கியத்துவத்துக்கு வேறு திசையிலிருந்து இரண்டு சான்றுகள் உண்டு. 1983-இல் பதிவான ஒரு சிறுவனுக்கு 358-இல் மெத்தியோனினுக்குப் பதில் ஆர்ஜினின் இருந்தது. அவன் உடம்பில் அந்தப் புரதம் எலாஸ்டேஸை விட்டுவிட்டு ரத்தம் உறைய உதவும் திராம்பினைப் பிடிக்கத் தொடங்கியது, ரத்தப்போக்கால் இறந்தான். அதற்கடுத்த ஆண்டு ஈஸ்டில் உருவாக்கிய வேறொரு வடிவத்தில் அதே இடத்தில் வேலின் வைத்தார்கள். எலாஸ்டேஸைப் பிடித்தது, ஆக்சிஜனேற்றத்துக்கும் அசைந்துகொடுக்கவில்லை.

அப்படியானால் இயற்கை ஏன் முதலிலேயே வேலினை வைக்கவில்லை? தொற்று உள்ள இடத்தில் எலாஸ்டேஸ் கொஞ்ச நேரம் சுதந்திரமாக வேலை செய்ய, இந்த மெத்தியோனின் ஒரு சுவிட்ச் போல வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் புகைப்பவர் நுரையீரல் திரவத்தில் எவ்வளவு பங்கு ஆன்டிடிரிப்சின் உண்மையில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்று அளந்த ஆய்வகங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சோதனைக் குழாயில் துல்லியமாக நடப்பது, உடம்பில் எந்த அளவு நடக்கிறது என்பது தனிக் கேள்வி. பிறவியிலேயே இந்தப் புரதம் குறைந்தவர் புகைத்தால் எம்ஃபைசீமா பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

படி 6: கண் லென்ஸ், மாற்றப்படாத புரதத்தின் கதை

புரத ஆக்சிஜனேற்றம் நோயாவதை நேரடியாகக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் கண்புரை. லென்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். அதில் பெரும்பகுதி கிரிஸ்டலின்கள். ஒளி சிதறாமல் போக வேண்டும் என்பதற்காக லென்ஸ் நார்ச்செல்கள் முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் துறந்துவிடுகின்றன. அதன்பின் புதுப் புரதம் தயாரிக்க வழியில்லை. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் ஏறிய கார்பன்-14 அளவை வைத்து லென்ஸ் புரதங்களின் வயதைக் கணித்தார்கள். லென்ஸின் மையத்தில் இருக்கும் கிரிஸ்டலின்கள் அந்த மனிதர் பிறந்த காலத்தவை. எழுபது வயதுக்காரரின் கண் நடுவில் எழுபது வயதுப் புரதம்.

இவ்வளவு காலம் இவை தெளிவாக இருப்பதே அதிசயம். லென்ஸில் குளுட்டாதயோன் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது உருவாவதும் புதுப்பிக்கப்படுவதும் வெளிப்புறச் செல்களில். அங்கிருந்து மையத்துக்குப் பரவ வேண்டும். நடுத்தர வயதில் இந்தப் பரவலுக்கு ஒரு தடை உருவாகிவிடுகிறது. வெளியே சரக்கு இருந்தும் உள்ளே போய்ச் சேருவதில்லை. மையத்தில் சிஸ்டீன்கள் டைசல்ஃபைடாகப் பிணைகின்றன, மெத்தியோனின்கள் சல்ஃபாக்சைடாகின்றன. முற்றிய மையக் கண்புரையில் பெரும்பாலான சிஸ்டீன்களும் மெத்தியோனின்களில் பாதியளவும் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். ஆல்ஃபா கிரிஸ்டலினுக்கு மற்றப் புரதங்கள் கட்டியாகாமல் தாங்கிப் பிடிக்கும் வேலையும் உண்டு. தாங்க ஆள் தீர்ந்ததும் கட்டி தொடங்கும். லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, ஒளியைச் சிதறடிக்கும்.

ஆக்சிஜனேற்றம் இங்கே வெறுமனே கூட நிற்பதா, காரணமா? இங்கேதான் லென்ஸ் மற்ற நோய்களைவிட நல்ல ஆசிரியர். விழித்திரை அறுவைக்காகக் கண்ணின் உள்ளிருக்கும் கூழை அகற்றும் விட்ரெக்டமி செய்துகொண்ட, 50 வயது தாண்டிய பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மையக் கண்புரை வருகிறது. கூழ் இருக்கும்வரை விழித்திரையிலிருந்து வரும் ஆக்சிஜன் லென்ஸை எட்டுவது குறைவு. கூழ் போனதும் எட்டிவிடுகிறது. விழித்திரைக்கு ரத்த ஓட்டம் குன்றிய நீரிழிவு நோயாளிகளின் கண்ணில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அவர்களுக்கு விட்ரெக்டமிக்குப் பிறகு இந்தக் கண்புரை குறைவாகவே வருகிறது. சுவீடனில் 1984-இல் பதிவான இன்னொன்று: உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் 150 முறைக்கும் மேல் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்குக் கிட்டப்பார்வையும், சிலருக்குக் கண்புரையும் வந்தன. மூன்று வேறு வேறு திசைகள், ஒரே பதில்.

படி 7: சிவப்பணு, நம் வீட்டு அலமாரிக்கு மிக அருகில்

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, புதுப் புரதம் செய்ய வழியில்லை. 120 நாள் இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும். குளுட்டாதயோனைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க அதற்குத் தேவைப்படும் என்ஏடிபிஎச் என்ற எலக்ட்ரான் தரும் மூலக்கூறு, ஜி6பிடி நொதி தொடங்கிவைக்கும் பாதை வழியேதான் வருகிறது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்த நொதி குறைவு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம் வெளிப்படும்.

மலேரியாவுக்குப் பிரிமாக்குவின் கொடுத்தால் சிலருக்கு மட்டும் ரத்தம் (அதாவது சிவப்பணுக்கள்) ஏன் உடைகிறது என்று தேடியதில்தான் 1956-இல் இந்தக் குறைபாடு பிடிபட்டது. அந்த ஆராய்ச்சி அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறைக் கைதிகளின் உடம்பில் நடந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நடப்பது இதுதான். மருந்தால் பெராக்சைடு பெருகுகிறது, குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது, ஹீமோகுளோபினின் சிஸ்டீன்கள் தாக்கப்பட்டு அது மடிப்பு குலைந்து செல்லின் உள்சுவரில் கட்டிகட்டியாக ஒட்டுகிறது. நுண்ணோக்கியில் சாயமேற்றிப் பார்த்தால் ஓரங்களில் புள்ளிகளாகத் தெரியும். 1890-இலேயே ராபர்ட் ஹைன்ஸ் பார்த்தவை, ஹைன்ஸ் உடல்கள். மண்ணீரல் அந்தக் கட்டியை மட்டும் பிய்த்தெடுக்கும்போது செல் ஓரம் கடிபட்டதுபோல் மிஞ்சும். மருந்து தொட்ட ஒன்றிரண்டு நாளில் கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், மஞ்சள் காமாலை, மூச்சு வாங்கல்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: வைவாக்ஸ் மலேரியாவுக்குத் தரப்படும் பிரிமாக்குவின், தொழுநோய்க்கான டாப்சோன், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம் ஆகிய மருந்துகள். வீட்டில் அந்துருண்டை. நாஃப்தலீன் அந்துருண்டை போட்டுப் பல மாதம் பெட்டியில் வைத்திருந்த துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்றினால், ஜி6பிடி குறைந்த குழந்தைக்குக் கடும் காமாலை வரக்கூடும். அப்படிப்பட்ட துணியைத் துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்தாமல் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். அந்துருண்டையே வேண்டாம் என்றாலும் நஷ்டமில்லை. சோதனைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு: ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நொதியளவு இயல்பாகத் தெரியலாம். நொதி குறைந்த பழைய செல்கள் ஏற்கெனவே அழிந்து, நொதி கூடிய இளம் செல்கள் மிஞ்சியிருப்பதே காரணம். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

படி 8: காரணமா, கூட நிற்பதா என்று பிரித்தறிதல்

நோயுற்ற திசுவில் ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதம் இருக்கிறது என்பதை வைத்து அதுவே நோயை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. செத்துக்கொண்டிருக்கும் எந்த செல்லிலும் அது இருக்கும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் லூயி உடல்கள் என்ற புரதக் கட்டிகளுக்குள் நைட்ரோ ஏறிய ஆல்ஃபா சினுக்ளின் புரதம் உண்டு. அது தொடக்கமா, எச்சமா என்ற விவாதம் ஓயவில்லை.

எச்சரிக்கைக் கதை, தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சாகும் ஏஎல்எஸ் நோயிலிருந்து. 1993-இல் பரம்பரை ஏஎல்எஸ் குடும்பங்கள் சிலவற்றில் எஸ்ஓடி1 மரபணு, அதாவது படி 2-இல் பார்த்த சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் மரபணு, மாறியிருப்பது தெரிந்தது. சூப்பர் ஆக்சைடை அகற்றும் நொதி அல்லவா, அது குறைந்து ஆக்சிஜனேற்றம் கூடி நரம்பு சாகிறது என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அழகான கணக்கு, தவறு. எஸ்ஓடி1 அறவே இல்லாத எலிகளுக்கு அந்த நோய் வரவில்லை. மாறிய மனித எஸ்ஓடி1 சேர்க்கப்பட்ட எலிகளுக்கு, அவற்றின் சொந்த நொதி நன்றாக வேலை செய்தும், நோய் வந்தது. மாறிய புரதமே மடிப்பு குலைந்து நஞ்சாகிறது. அதனால்தான் 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபெர்சன், ஆன்டி ஆக்சிடன்ட் நொதி என்று பெயர் வாங்கிய எஸ்ஓடி1-இன் உற்பத்தியையே குறைக்கும் மருந்து.

படி 9: அளக்கும்போது

அதிகம் புழங்கும் முறை கார்பனைல் அளவிடல். டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின் சேர்த்தால் கார்பனைலோடு பிணைந்து மஞ்சள் நிற ஹைட்ரசோன் தரும். 370 நானோ மீட்டர் அருகே ஒளி உறிஞ்சலைப் படித்தால் கணக்கு வரும். மலிவு, எளிது. ஆனால் மொத்தத் தொகையைத்தான் சொல்லும். எந்தப் புரதம், எந்த இடம் என்று சொல்லாது. அதற்கு நிறை நிறமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) வேண்டும்.

இதில் தவறு நுழையும் இடம் கருவியைவிட மாதிரியைக் கையாளும் மேசைதான். செல்லை உடைத்த கணமே காற்றும் இரும்பும் சேர்ந்து புதுச் சேதம் உண்டாக்கத் தொடங்கும். உலோகத்தைக் கட்டிவைக்கும் டிடிபிஏ போன்ற பொருளை உடைக்கும் கரைசலிலேயே போட்டுவிடுங்கள். சிஸ்டீன் பார்க்கப்போவதானால் என்-எத்தில்மாலிமைடு போட்டு அதன் கந்தகத்தை உடனே அடைத்துவிடுங்கள். ரத்தம் உடைந்து சிவந்த சீரத்தைத் தூக்கிப் போடுங்கள். ஹீமோகுளோபினின் நிறமே 370 அருகே விழுந்து கணக்கைக் கெடுக்கும். டிஎன்ஏ கலந்திருந்தாலும் கார்பனைல் கூடுதலாகக் காட்டும். ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கூடியிருந்தது’ என்று ஒரு கட்டுரை எழுதினால் செய்முறைப் பகுதியில் இவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல நேரம் இருக்காது.

படி 10: அப்படியானால் மாத்திரை?

மதுரை அருகே ஐந்து கிராமங்களில் 35 முதல் 50 வயது வரையுள்ள 798 பேருக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி, ஈ-யும் அல்லது போலி மாத்திரை கொடுத்து ஐந்து ஆண்டுகள் கண்புரையைக் கண்காணித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது: வித்தியாசமில்லை. படி 6-ஐப் படித்தவருக்கு இது ஆச்சரியம் தராது. குறை மையத்துக்குப் போய்ச் சேராத வழியில். ரத்தத்தில் வைட்டமினை ஏற்றி அந்த வழியைத் திறக்க முடியாது.

ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்போரிடம் நடந்த சோதனை 1994-இல் வெளியானபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் செலக்ட் சோதனையில் வைட்டமின் ஈ புரோஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது, 2011-இல் தெரிந்தது. பயனில்லாததைவிட மோசம். ஹைட்ராக்சில் ரேடிக்கல் நானோ விநாடியில் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துவிடுகிறது. அதைப் போட்டி போட்டுத் தடுக்க ஒரு வைட்டமின் புரதத்துக்குச் சமமான செறிவில் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பழம், காய், கீரை நல்லவைதான். அவை நல்லவையாக இருப்பதற்கு இந்த விளம்பரக் காரணம் தேவையில்லை.

வேலை செய்கிற ஒன்றும் இருக்கிறது, அது ஏன் வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலில் நாப்கி என்ற வினைத்திறன் மிக்க பொருள் உருவாகி, குளுட்டாதயோனைத் தீர்த்துவிட்டு, அடுத்து புரதங்களின் சிஸ்டீன்களைப் பிடிக்கிறது. எந்த உறுப்பு, எந்த அமினோ அமிலம், எது தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் தெரியும். என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தால் கல்லீரல் குளுட்டாதயோனை மறுபடி கட்டிக்கொள்கிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் கல்லீரல் அநேகமாகத் தப்பிவிடும். நேரம் தள்ளத் தள்ளப் பலன் குறையும். முதல் நாள் வாந்தி, குமட்டலைத் தவிர ஆள் தெளிவாகவே இருப்பார் என்பதால் வீட்டில் காத்திருந்து பார்ப்பவர்கள் உண்டு. காத்திருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு.